ஐந்தாவது தீர்மானம்

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்தபின் வந்த முதல் புத்தாண்டுக்கு நான் ஐந்து தீர்மானங்கள் எழுதினேன். எழுதிய தாள் பழைய நாள்காட்டியின் டிசம்பர் பக்கம். பின்புறம் வெள்ளையாக இருந்தது, வீணாக்குவானேன் என்று கிழித்துக்கொண்டேன். அந்த ஐந்தில் முதல் நான்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். ஐந்தாவதை நினைத்தால் வராது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மலாக்கா ஆற்றோரத்தில் ரப்பர் வாங்கி அனுப்பும் ஒரு கம்பெனியில் கிராணி வேலை, அதாவது கணக்குப் பிள்ளை. வருஷக் கடைசி நாள் மத்தியானம் எங்கள் பெரிய கிராணி எல்லோரையும் தன் மேசையைச் சுற்றி நிற்கவைத்து, வரப்போகிற வருஷத்துக்கு ஆளுக்கொரு தீர்மானம் சொல்லச் சொல்வார். எந்தத் துரையிடமோ கற்றுக்கொண்ட பழக்கம். ஒருவர் சிகரெட்டை விடப்போவதாகச் சொன்னார். போன வருஷமும் அதைத்தான் சொன்னாராம். சொல்லும்போதே அவர் காதிடுக்கில் ஒரு சிகரெட் செருகியிருந்தது. இன்னொருவர் கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்றார். பெரிய கிராணி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆசீர்வதித்தார்.

செமாபோக்கிலிருந்து சைக்கிளில் வரும் இன்னொரு கிராணி இருந்தான். ஆறு பிள்ளைக்காரன், எதற்கும் சிரிப்பவன். அவன் முறை வந்தபோது சொன்னான்:

"ஏன் கிராணியாரே, வருசம் பொறக்கிற அன்னைக்கே நம்மள நாமளே ஜெயில்ல போட்டுக்கணும்? புடிச்சத செய்யப் போறேன்னு சொல்லுங்க லா. அப்பதான் வருசம் பூரா நிக்கும். எனக்கு ஒரே ஒரு தீர்மானம். ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்குறது. எந்தப் புள்ள அழுதாலும் எந்திரிக்கிறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய கிராணிகூடச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவனைப் பிடிக்காது. "ஒரு நாளைக்கு வீட்டுக்குச் சாப்பிட வாங்க" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்வான், எந்த நாள் என்று மட்டும் சொல்லமாட்டான். வீடு நிறைய ஆட்களை வைத்திருப்பவர்களுக்குக் கூப்பிடுவது ஒரு பேச்சு. கேட்பவனுக்கு அது வாரம் முழுக்க மனத்தில் கிடக்கும். ஆனாலும் அன்று அவன் சொன்னது எனக்குள் ஒட்டிக்கொண்டது. அறைக்குத் திரும்பியதும் நாள்காட்டியைக் கிழித்தேன்.

அறை காஜா பெராங்கில். அந்தப் பகுதியில் மலாக்காச் செட்டிகளின் வீடுகள் நெருக்கமாக இருந்தன. பல நூறு வருஷங்களுக்கு முன் வந்த தமிழர்களின் வம்சம். கோவில் உண்டு, விபூதி உண்டு, பொங்கல் உண்டு, பேசுவது மட்டும் மலாய். என் வீட்டுக்காரியம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். மலாய்க்காரிகள் மாதிரி கெபாயாச் சட்டையும் சாரோங்கும் உடுத்தி, நெற்றியில் குங்குமத்தோடு, ஒரு தமிழ் வாக்கியம்கூடத் தெரியாமல் முருகனைக் கும்பிடுவார். நான் அவரை 'மாச்சிக்' என்று மலாய்க்காரர்கள் அத்தையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டேன். அவர் கணவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, வாயிலிருந்தும் ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் இல்லை. கூடத்துச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று இருந்தது. என் வயதுள்ள ஒருவர், மெல்லிய மீசை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். நான் குடிவந்த அன்றே மாச்சிக் அதைக் காட்டி, "என் தம்பி. ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனான். வரவில்லை" என்று மலாயில் சொல்லிவிட்டு, கிணற்றடி எங்கே என்று காட்டப் போய்விட்டார்.

அந்த அறைக்கு நான் வந்து அப்போது ஐந்து மாதம்தான். அதற்கு முன்னால் அக்கா வீடு. அம்மா போனபிறகு என்னை வளர்த்தது அக்கா. ஜாசின் பக்கத்துத் தோட்டத்தில் அத்தான் வேலை பார்த்தார். மெர்டேக்கா வரப்போகிறது என்றதும் அத்தானுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இனி இது யார் நாடோ, நமக்கு இடம் உண்டோ இல்லையோ என்று ராத்திரி பகலாகப் புலம்பி, கடைசியில் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். எனக்கு வேலை இருந்தது, இங்கேதான் பிறந்தேன், போகமாட்டேன் என்றேன். அக்கா துறைமுகத்தில் என் சட்டைப் பையைத் தடவிப் பார்த்து, "நேரத்துக்குச் சாப்புடுடா" என்றாள்.

அக்காவிடம் ஒரு வழக்கம். நான் எவ்வளவு சாப்பிட்டிருந்தாலும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "போதும்னா விடேன்கா, காது கேக்கலயா?" என்று கத்தியிருக்கிறேன். தட்டைக் கையால் மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கிறேன். அவள் கப்பலேறிய பிறகு ஐந்து மாதம் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டேன். ஜாலான் பெண்டஹாராவில் ஒரு முஸ்லிம் அண்ணாச்சியின் கடை. நல்ல மனிதர்தான். ஆனால் தட்டு காலியாகும்போது அவர் கேட்பது, "வேற என்ன தம்பி?" கேட்டபடியே மேசையின் பாதியைத் துடைத்துவிடுவார், பின்னால் ஆள் நிற்கிறது என்று பொருள்.

ஆகவே என் தீர்மானங்கள் இப்படி அமைந்தன. ஞாயிறுதோறும் உஜோங் பாசிர் கடலில் காலை நனைப்பது. வாரம் ஒருமுறை தேங்காய்ப்பால் ஊற்றிய செண்டோல் ஐஸ், வெல்லப்பாகு கூடுதலாக. குளிக்கும்போது கூச்சப்படாமல் விசிலடிப்பது. சைக்கிளில் இரண்டு கையையும் விட்டு ஓட்டக் கற்பது. ஐந்தாவதாக எழுதினேன்: 'யாராவது என்னைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்க, ஒரு வேளையாவது சாப்பிடுவது.' எழுதி முடித்ததும் வெட்கமாக இருந்தது. இதில் நான் செய்வதற்கு என்ன இருக்கிறது? அடுத்தவர் செய்ய வேண்டியதை என் தீர்மானம் என்று எழுதிவைத்திருக்கிறேன். அடித்துவிடப் பேனாவை எடுத்தேன். அடிக்கவில்லை.

புத்தாண்டன்று விடுமுறை. காலையில் தேவாலய மணி ஊர் முழுக்கக் கேட்டது. தெருவில் போகிறவர்கள் புதிய நாட்டின் முதல் வருஷம் என்று ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டார்கள். எனக்கும் யாரையாவது வாழ்த்த வேண்டும்போல இருந்தது. ரொட்டிக் கடையில் ஒரு கேக் வாங்கிவந்து அறையில் வைத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாளுக்கு முழுக் கேக் பெரிய தொல்லை. வெட்டினால் ஏன் வெட்டினோம் என்றிருக்கும், வெட்டாவிட்டால் ஏன் வாங்கினோம் என்றிருக்கும். கடைசியில் பாதியை ஒரு தட்டில் வைத்து மாச்சிக்கின் சமையலறைக்குக் கொண்டுபோனேன்.

அவர் அம்மியில் சம்பல் அரைத்துக்கொண்டிருந்தார். என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த தாளைக் கண்டு, காதல் கடிதமா என்று கேட்டார். இல்லை என்று நிரூபிக்கவே படித்துக்காட்ட வேண்டியதாயிற்று. ஒவ்வொன்றாக மலாயில் சொன்னேன். விசிலுக்குச் சிரித்தார். சைக்கிளுக்கு, பல் போய்விடும் என்றார். நாலோடு நிறுத்தியிருக்கலாம். கேட்க ஒரு ஆள் கிடைத்த மயக்கத்தில் ஐந்தாவதையும் சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. அரைப்பதை நிறுத்தி, "முன்னால் யார் கேட்பார்கள்?" என்றார்.

"அக்கா."

"இப்போது எங்கே?"

"இந்தியாவில்."

"என் தம்பிக்கும் நான் அப்படிக் கேட்டால் கோபம் வரும்" என்றார். பிறகு சம்பலை வழித்துக் கிண்ணத்தில் போட்டார். கேக்குக்கு நன்றி சொன்னார். அவ்வளவுதான்.

சொல்லிவிட்ட பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. அன்று மாலை கூப்பிடுவார் என்று நினைத்துக் கடைக்குத் தாமதமாகப் போனேன். மறுநாளும் அப்படித்தான். அவர்கள் வீட்டுச் சமையல் வாசனை பலகைச் சுவர் இடுக்கு வழியாக என் கட்டில்வரை வரும். மீன் பிண்டாங் குழம்பு கொதிக்கிறது, புளியும் மிளகும் இறங்குகின்றன என்று மூக்கு கணக்கெடுக்கும். தட்டுகள் வைக்கிற சத்தம் கேட்கும். இரண்டே தட்டு. பிறகு நான் செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்கள் காதில் விழட்டும் என்று வேண்டுமென்றே சத்தமாகக் கதவைச் சாத்திவிட்டுப் போவேன். வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்காரியிடம் சோறு எதிர்பார்ப்பது என்ன நியாயம் என்று புத்திக்குத் தெரிந்தது. வயிற்றுக்கும் மனத்துக்கும் தெரியவில்லை. சொல்லியும் கூப்பிடவில்லையே என்று அந்த அம்மாள்மேல் நிஜமாகவே கோபமாக இருந்தேன்.

மற்ற தீர்மானங்களும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. உஜோங் பாசிருக்குப் போன ஞாயிற்றுக்கிழமை கடல் உள்வாங்கியிருந்தது. சேற்றில் அரை மைல் நடந்தால்தான் தண்ணீர். கரையெங்கும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தார்கள். நான் முழங்கால்வரை சேறும், உள்ளங்காலில் கிளிஞ்சல் கிழித்த காயமுமாகத் திரும்பினேன். விசிலடித்தபோது, வாயே திறக்காத வீட்டுக்காரர் பலகையை மூன்று முறை தட்டினார். பிடித்ததைச் செய்வதற்கும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டியிருக்கிறது என்பதைச் செமாபோக்கான் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

பொங்கலுக்கு முதல் நாள் வந்தது. விடியற்காலைக் கடல் ஏற்றத்தில் ஆறு பெருகி எங்கள் கிடங்குக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கிராணி, கூலி என்ற வித்தியாசம் பார்க்காமல் எல்லோரும் ரப்பர் கட்டுகளை மேலே ஏற்றினோம். காலையில் ஒரு வாய்க் கோப்பிகூடக் குடிக்கவில்லை. மதியம் பெரிய கிராணி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். பசியில் கண் இருண்டது. போகிப் பண்டிகை என்று அண்ணாச்சி கடையிலும் பக்கத்துக் கடைகளிலும் ஒரே கூட்டம். முதலில் குளித்து உடை மாற்றலாம் என்று வீட்டுக்கு வந்தேன்.

சைக்கிளைப் பின்பக்கம் நிறுத்துவது என் வழக்கம். கிணற்றடியில் கைகால் கழுவிக்கொண்டு பின்கதவால் நுழைந்தேன். என் அறைக்குக் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். கூடத்தின் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. வாசல் கதவும் சாத்தியிருந்தது. அரையிருட்டில் சாம்பிராணி வாசனை. கண் பழகியதும் பார்த்தேன். கூடத்தின் நீளத்துக்கும் பாய் விரித்து, வரிசையாக வாழையிலைகள். ஒவ்வொரு இலையிலும் சோறு, கறி, மீன், சம்பல், பலகாரம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் தண்ணீர்க் குவளை. கல்யாணப் பந்தி மாதிரி இருந்தது. ஆட்கள் மட்டும் இல்லை.

எனக்கும் படையல் தெரியும். தோட்டத்தில் அம்மாவுக்கு நாங்கள் வருஷாவருஷம் போட்டதுதான். ஆனால் எங்கள் படையல் படத்துக்கு முன்னால் ஒரே இலை, சுற்றிலும் நாங்கள் எல்லோரும் நின்று கும்பிடுவோம். இப்படிப் பந்தி போட்டு, ஆளே இல்லாமல் கதவைச் சாத்திவைப்பதை நான் பார்த்ததில்லை. கொஞ்சம் நிதானமாக இருந்திருந்தால் சுவரில் புதிதாகப் போட்டிருந்த மாலையைப் பார்த்திருப்பேன். நான் பார்த்தது வரிசையின் கடைசி இலையை. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், என் அறையை ஒட்டி இருந்தது. அதில் மீன் பிண்டாங், நடுத்துண்டு.

என் இலை என்று நினைத்தேன். வாடகைக்காரனுக்குக் கடைசி இடம்தானே முறை? பன்னிரண்டு நாளாக அந்த அம்மாள் சும்மா இருந்தது இதற்குத்தான், பண்டிகைக்கு உறவுக்காரர்களோடு என்னையும் உட்காரவைக்கத்தான் என்று நினைத்தேன். அவரைத் திட்டியதற்கெல்லாம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டேன். எல்லோரும் கோவிலுக்குப் போயிருப்பார்கள், வந்துவிடுவார்கள் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பசிக்கிறவனுக்கு எல்லா நேரமும் நீளம். ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டேன். பிறகு மீனின் ஓரத்தைக் கிள்ளினேன். அதற்குப் பிறகு கை என் பேச்சைக் கேட்கவில்லை.

பாதி இலை காலியாகியிருந்தபோது வாசல் கதவை யாரோ தட்டினார்கள். மெதுவாக, மரியாதையாக, மூன்று தட்டு. தங்கள் வீட்டுக் கதவை யார் தட்டுவார்கள்? விருந்தாளி வந்திருக்கிறார்கள், வீட்டில் வேறு ஆளில்லை, உபசரிப்பது என் பொறுப்பு என்று தோன்றியது. வாய் நிறையச் சோற்றோடு, கணீரென்று குரல் கொடுத்தேன்.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க! எல போட்டாச்சு!"

வெளியே ஒரு அலறல் கேட்டது. ஏதோ ஒரு பாத்திரம் உருண்டது.

அந்த வீட்டில் போகியன்று செய்வதை எனக்கு அப்புறம்தான் சொன்னார்கள். செத்துப்போன ஒவ்வொருவருக்கும் பிடித்ததைச் சமைத்து, போன வரிசைப்படி இலை போட்டு, அவர்கள் கூச்சமில்லாமல் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள். போதிய நேரம் விட்டு, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார்கள். அவர்கள் பாட்டன் பூட்டன்கள் தமிழ் பேசியவர்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் போய்விட்டது. வருஷா வருஷம் தட்டிப் பழகிய அந்தக் கதவுக்குப் பின்னாலிருந்து அன்றுதான் முதல் தடவையாகப் பதில் வந்திருக்கிறது, அதுவும் தமிழில்.

கதவு திறந்தது. வெளிச்சம் நேரே என் முகத்தில் விழுந்தது. வாசலில் உறவுக்காரர்கள் பதினைந்து பேர். வாயே திறக்காத வீட்டுக்காரர் கைகூப்பி நடுங்கிக்கொண்டிருந்தார். நான் யாரென்று தெரிந்ததும் ஒரு கிழவர் மலாயில் கத்த ஆரம்பித்தார். படையலைக் கெடுத்துவிட்டான், வெளியே இழுத்துப் போடு என்றார். ஒரு பெண் என் இலையைக் காட்டி அழுதார். என் கண் அப்போதுதான் சுவருக்குப் போனது. மெல்லிய மீசைக்காரர் புது மாலையோடு, நேராக என் தலைக்கு மேல் இருந்தார். வரிசையில் கடைசி இலை, போனவர்களில் கடைசியாகப் போனவருக்கு. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. வாயிலிருந்த சோற்றை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

என் வாழ்க்கையில் நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. யாரும் இல்லாத அறையில்கூட இருந்ததில்லை. அத்தனை பேர் எதிரில், அவர்களுக்குச் சேர்ந்த இடத்தில், அவர்கள் வேறு யாரையோ எதிர்பார்த்துத் திறந்த கதவுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். இடது கையை ஊன்றி எழுந்தேன். அறையில் இருக்கும் பெட்டியை எடுத்துக்கொண்டு இன்றைக்கே போய்விட வேண்டும் என்று நினைத்தேன்.

மாச்சிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை. இலையைப் பார்த்தார். குழிபறித்த சோற்றை, சப்பி ஓரமாக ஒதுக்கிய மீன் முள்ளை, கவிழ்ந்த சம்பலை, பாதி குடித்த குவளையைப் பார்த்தார். எத்தனை வருஷம் அந்த இலையைப் போட்டிருப்பார், எத்தனை வருஷம் போட்டது போட்டபடி எடுத்திருப்பார்! கிழவர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். மாச்சிக் திரும்பி ஏதோ ஒரு வார்த்தை சொன்னார், கிழவர் நிறுத்திவிட்டார்.

பிறகு என் தோளில் கைவைத்து அழுத்தி உட்காரவைத்தார். சமையலறைக்குள் போய்ச் சோற்றுப் பானையையும் கரண்டியையும் எடுத்துவந்தார். என் எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்தார். கரண்டி நிறையச் சோற்றை அள்ளி, இலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தம்பா லாகி?"

இன்னும் கொஞ்சம் போடட்டுமா? அதைத்தான் கேட்டார். கேட்கும்போது அவர் கண் என் முகத்தில் இல்லை. என் தலைக்கு மேல் இருந்தது.

ஐந்து மாதமாக நான் காத்திருந்த கேள்வி. அது எனக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். வயிறு எப்போதோ நிறைந்துவிட்டது. பழைய வழக்கத்தில் இலையை மூடப்போன கையை இழுத்துக்கொண்டேன்.

"போடுங்க" என்றேன்.